கென்யா மலை: நெலியோனா, பாட்டியனா?

கென்யா மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் லெனானா முனையோடு திரும்பிவிடுகிறார்கள். 4,985 மீட்டர் உயரமுள்ள அந்த முனைக்கு நடந்தே போகலாம். அதன் அருகில் நிற்கும் இரட்டைச் சிகரங்களின் சங்கதி வேறு. பாட்டியன் 5,199 மீட்டர், நெலியோன் 5,188 மீட்டர். இரண்டுக்கும் நடைபாதை கிடையாது. கயிறு கட்டிப் பாறையேறித்தான் ஆக வேண்டும். 1899இல் பிரிட்டிஷ் புவியியலாளர் மெக்கிண்டர் தன் இரு ஆல்ப்ஸ் வழிகாட்டிகளுடன் பாட்டியனில் ஏறினார். நெலியோனில் மனிதக் கால் பட அதன்பிறகு 30 ஆண்டுகள் ஆயின. 1929இல் ஷிப்டனும் வின் ஹாரிஸும் தென்கிழக்குச் சுவர் வழியாக அதில் ஏறினார்கள். அதுவே இன்று நெலியோனின் வழக்கமான பாதை. பாட்டியனுக்கோ, 1944இல் ஃபர்மினும் ஹிக்ஸும் கண்ட வடக்குச் சுவர்ப் பாதையையே பெரும்பாலோர் நாடுகிறார்கள்.

முதல்முறை போகும் இருவர் குழு இந்த இரண்டில் எதற்குத் தயாராவது?

பாதியைச் சூரியனே முடிவு செய்துவிடுகிறது. மலை நிலநடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால், டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வெயில் தெற்குப் பக்கம் சாய்ந்து விழும். நெலியோன் பாதை காய்ந்திருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அதே வெயில் வடக்குச் சுவருக்குப் போய்விடும். வெயில் படாத பக்கத்தில் வெடிப்புகளுக்குள் பனி உறைந்து கிடக்கும். எளிதான ஏற்றத்தைக்கூட அது வேறொரு மலையாக மாற்றிவிடும். ஏப்ரல், மே, நவம்பர் மழைக்காலம்; அந்த மாதங்களை மறந்துவிடலாம். ஆகவே, ஆகஸ்டில் மட்டும் விடுப்பு கிடைக்கிறவர் நெலியோனைக் குறிவைத்துப் பயிற்சி எடுப்பது வீண் வேலை.

கடினத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பாறையேற்றத்தின் கடினத்தை அளக்கும் தர வரிசையில் நெலியோன் பாதை பெரும்பாலும் நான்காம் தரம். வடக்குச் சுவரில் ஃபர்மின் கோபுரம் என்ற பகுதி ஐந்தாம் தரத்தைத் தொடும். இரண்டையும் கடல் மட்டத்தில் வைத்திருந்தால் நல்ல பாறையேறிகள் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் இரண்டிலும் ஏறத்தாழ இருபது கயிற்று நீளங்கள், அதாவது ஒரு கயிறு எட்டும் தூரத்தில் ஒரே தடவையில் ஏறி நிற்கும் கட்டங்கள், உண்டு. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டியது. பகல் எந்த மாதத்திலும் பன்னிரண்டு மணி நேரம்தான். ஆல்ப்ஸ் கோடையில் கிடைக்கும் நீண்ட மாலை இங்கே இல்லை. மாலை ஆறரைக்குச் சூரியன் இறங்கினால் சற்று நேரத்தில் கும்மிருட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கயிற்று நீளத்துக்கு இருபது நிமிடம் என்றால் உச்சியை அடையவே ஏழு மணி நேரம் ஆகிவிடும். முப்பது நிமிடம் என்றால் பத்து மணி நேரம், இறக்கம் இருட்டில்தான். ஆகவே பயிற்சியில் ஒரு தரம் கூடுதல் கடினமான பாறையில் ஏறிக் காட்டுவதில் பெரிய பயன் இல்லை. நேரம் கசிவது நிலையத்தில், அதாவது ஒவ்வொரு கயிற்று நீளத்தின் முடிவிலும் பாறையில் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில். பின்னால் வருபவர் மேலே வந்து சேர்கிறார். வழியில் கழற்றிய நட்டுகளும் கேம்களும் (விழுந்தால் கயிற்றைத் தாங்க வெடிப்பில் செருகும் உலோகக் கருவிகள்) அவர் இடுப்பில் தாறுமாறாகத் தொங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கைமாற்றி, கயிற்றைச் சிக்கெடுத்து, எந்தப் பக்கம் போவது என்று பேசி முடிப்பதற்குள் பத்து நிமிடம் பறந்துவிடும். இருபது நிலையங்களில் அது மூன்று மணி நேரத்துக்கு மேல். முதுகில் பையோடு, விரல் மரத்த நிலையில், இதையே இரண்டு நிமிடத்தில் முடிக்கும்வரை பழக வேண்டும். பெங்களூருக்கு அருகிலுள்ள சாவன்துர்காவின் நீண்ட சரிவுப் பாறைகள் இந்த வேகத்துக்கு நல்ல களம். ஆனால் வெடிப்பிலும் குழாய் போன்ற இடுக்கிலும் உடலை நுழைத்து ஏறும் வித்தையைத் தனியாகக் கற்றாக வேண்டும். கென்யா மலை அதைத்தான் கேட்கிறது.

உயரத்துக்குப் பழகுவதில் பாட்டியனுக்கு ஒரு சாதகம் உண்டு. வடக்குச் சுவருக்குப் போகிறவர்கள் 4,200 மீட்டரிலுள்ள ஷிப்டன் முகாமில் உறங்கலாம். நெலியோனுக்கு 4,790 மீட்டரிலுள்ள ஆஸ்திரியக் குடிலே வசதி. அங்கே அவசரமாகப் போய்ப் படுத்தால் தலைவலியும் தூக்கமின்மையும் நிச்சயம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. சாலை உயரத்திலிருந்து இரண்டே நாளில் 4,200 மீட்டரை எட்டிவிட முடிவதுதான் இந்த மலையின் பொறி. முதலில் லெனானாவுக்கு நடந்து போய், கீழே 4,200க்குத் திரும்பி உறங்கி, அதன் பிறகே குடிலுக்கு இடம் மாறுங்கள். இதற்குக் கூடுதலாக ஆகும் நாட்களை விடுப்பிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

எனக்கு முடிவைத் தருவது இறக்கம். நெலியோனில் ஏறிய சுவரிலேயே இறங்கலாம்; கயிற்றில் இறங்க நிலையான பிடிமானங்கள் பொருத்தப்பட்டுள்ளன. இருட்டிவிட்டால் உச்சியிலேயே ஹோவெல் குடில் இருக்கிறது. 1970இல் இயன் ஹோவெல் அதன் பாகங்களைப் பதின்மூன்று முறை தனியாக ஏறிச் சுமந்து கொண்டுபோய்க் கட்டிய சிறு தகரக் கூடு அது. குனிந்து நுழைந்தால் படுக்கலாம், காற்று அடிக்காது. வடக்குச் சுவரில் இறங்கும் வழி நீளமானது; நடுவில் குழப்பமானது; உதிரிப் பாறைகளும் அதிகம். அதே 1970 செப்டம்பரில், பாட்டியன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறை பெயர்ந்து ஆஸ்திரியர் கெர்ட் யூட்மையர் விழுந்தார், கால் நொறுங்கியது. உடன் இருந்த ஓஸ்வால்ட் ஓல்ஸ் மருத்துவர். உள்ளூர் மலையேறிகளும் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பறந்து வந்த குழுவும் சேர்ந்து யூட்மையரைக் கீழே கொண்டுவர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. உதவிக்கு வந்த ஹெலிகாப்டர் விழுந்து விமானி ஜிம் ஹேஸ்டிங்ஸ் இறந்துபோனார். இத்தனைக்கும் யூட்மையரும் ஓல்ஸும் தேர்ந்த மலையேறிகள்.

அதனால் முதல் பயணத்துக்கு ஜனவரி அல்லது பிப்ரவரியில் நெலியோன் என்பதே என் பரிந்துரை. பதினோரு மீட்டர் உயரக் குறைவுக்காக வருந்த வேண்டியதில்லை. ஆகஸ்ட் மட்டுமே கிடைக்கும் என்றால் பாட்டியனுக்குப் போங்கள்; ஆனால் இறங்கும் ஒவ்வொரு நிலையத்திலும் விட்டுவரத் துணைக்கயிறும் பழைய நட்டுகளும் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

இரண்டு சிகரங்களையும் மூடுபனி வாசல் என்ற இடைப்பள்ளம் வழியாக ஒரே மூச்சில் இணைக்கும் ஆசை பலருக்கு வரும். ஒருகாலத்தில் அங்கே உறுதியான பனி இருந்தது. இன்று பனியாறுகள் சுருங்கி, பனியும் உதிரிக்கல்லும் கலந்த நிச்சயமற்ற இடமாக அது மாறிவருகிறது. பனிக்கோடரி, கிராம்பான் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) இரண்டும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது; முதல் பயணத் திட்டத்தில் அதைச் சேர்க்கவே வேண்டாம்.