ஸ்பிறே பேணிக்கு ஒரு விசைக் கைபிடி

என் தகப்பனார் ஓடிய றலி சைக்கிளுக்குப் புதிதாகப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் பல வருடங்களாக மனதில் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் கிட்டக் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பாரின் அடிப்பக்கத்திலும் முன் போர்க் பொருந்தும் இடத்திலும் கறள் பிடித்து, பழைய கறுப்புப் பெயின்ற் செதில் செதிலாக எழும்பியிருந்தது. பங்குனி மாதத்தில், சோளகக் காற்றுத் தொடங்கித் தூசைக் கிளப்புவதற்கு முன்னர், சைக்கிளை முழுவதும் கழற்றி, கறளைச் சுரண்டி, பிறேமை மாமரக் கிளையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.

முதற்பூச்சான சாம்பல் நிறப் பிறைமரை, ஸ்பிறே பேணியின் தலையிலுள்ள குமிழை வெறும் விரலால் அழுத்தித்தான் அடித்தேன். 1949 இல் அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் என்பவர் பெயின்றையும் வாயுவையும் ஒரே பேணிக்குள் அடைத்த காலம் தொட்டு இன்றுவரை, அந்தப் பேணியை இயக்குவது சுட்டுவிரலின் நுனி ஒன்றுதான். சிறிய வேலைகளுக்கு அது போதும். ஆனால் 400 மில்லிலீற்றர் பேணி ஒன்றில் பாதி முடிவதற்குள் என் விரல் நுனி வெளிறி, குமிழின் வட்டம் தோலில் பதிந்துவிட்டது. விரல் களைத்தவுடன் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் வால்வு முழுவதும் திறக்காமல், புகைபோல வர வேண்டிய பெயின்ற் துளி துளியாகத் துப்புகிறது. அத்தோடு விரலின் ஓரம் தாரையில் பட்டு, அங்கே திரண்ட ஒரு சொட்டு நேராகப் பாரின் நடுவில் விழுந்து வடிந்தது. அதைக் காயவிட்டு, சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்ய மறுநாள் காலை முழுவதும் போயிற்று.

அதன் பின்னரே நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் விசைக் கைபிடியைத் தேடி வாங்கினேன். ஏறத்தாழ ஒரு பெயின்ற் பேணியின் விலைதான். கடையிலிருந்த தம்பி, "அண்ணை, உங்கட பேணியைக் கொண்டுவந்து போட்டுப் பாத்து எடுங்கோ, எல்லாப் பேணிக்கும் கழுத்து ஒரே மாதிரி இல்லை" என்று சொன்னது நல்ல ஆலோசனை.

பொருள் மிக எளிமையானது. பேணியின் மேல் விளிம்பில் கிளிக் என்று கௌவிக்கொள்ளும் ஒரு பிளாஸ்ரிக் வளையம், அதிலிருந்து இறங்கும் கைபிடி, நான்கு விரல்களாலும் இழுக்கக்கூடிய விசை, விசையை இழுக்கும்போது கீழிறங்கிக் குமிழை அழுத்தும் ஒரு சிறிய நாக்கு ஆகியவை மட்டுமே. ஏரோசோல் பேணிகளின் வால்வு பொருந்தும் வாய் பெரும்பாலும் ஓர் அங்குலம் என்ற ஒரே அளவில் இருப்பதால், ஒரே கைபிடி பல நிறுவனங்களின் பேணிகளுக்கும் பொருந்துகிறது. வேறுபடுவது வெளிக்கழுத்தும் குமிழின் உயரமும். குமிழ் உயரமாக இருந்தால் விசையைத் தொடாமலே நாக்கு அதை இலேசாக அழுத்திப் பெயின்ற் கசியும். தாழ்வாக இருந்தால் முழுவதும் இழுத்தாலும் வால்வு அரைகுறையாகவே திறந்து, விரல் களைத்தபோது வந்த அதே துப்பல் மறுபடி வரும். கடையிலேயே பேணியில் பொருத்தி, விசையை விட்ட நிலையில் நாக்குக்கும் குமிழுக்கும் இடையில் ஒரு கடதாசித் தடிப்பு இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கறுப்புப் பெயின்றை இந்தக் கைபிடியுடன் அடித்தபோது தெரிந்த மாற்றம் நான் எதிர்பார்த்ததை விடப் பெரியது. விரல் நோகாது என்பதற்காகத்தான் வாங்கினேன். உண்மையான பயன் கையின் ஓட்டத்தில் இருந்தது. வெறும் விரலால் அழுத்தும்போது அழுத்துவதும் நகர்த்துவதும் ஒரே மணிக்கட்டின் வேலையாகி, பேணி வளைந்து வளைந்து போகிறது; நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் விழுகிறது. கைபிடியைப் பற்றியிருக்கும்போது மணிக்கட்டு அசையாமல் நிற்க, முழங்கையும் தோளும் கையை நேர்கோட்டில் கொண்டுபோகின்றன. பிறேமிலிருந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தைக் காத்து, குழாயின் முனைக்கு வெளியே விசையை இழுத்துத் தொடங்கி, மறுமுனையைத் தாண்டிய பின்னர் விட்டுவிடும் ஒழுங்கு இரண்டாவது பூச்சிலேயே கைவந்துவிட்டது. மூன்று மெல்லிய பூச்சுகளில் ஓரிடத்தில்கூட வடியவில்லை.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம், கைபிடி பேணியின் தலையை மறைத்துவிடுகிறது என்பது. சில பேணிகளில் வால்வு விளிம்பில் ஒரு சிறிய நிறப்புள்ளி இருக்கும். உள்ளே பெயின்றை உறிஞ்சும் குழாய் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. குமிழின் துளையை அந்தப் புள்ளியின் பக்கம் திருப்பி வைத்தால், பேணியை முன்னே சரித்து அடிக்கும்போது கடைசிப் பெயின்றும் வெளியே வரும். கைபிடியைப் பூட்டிய பின் புள்ளி தெரியாது. ஆகையால் முதலில் குமிழைத் திருப்ப வேண்டும்; பிறகே பூட்ட வேண்டும். நான் முதற்பேணியில் இதைச் செய்யாமல், அடியில் பெயின்ற் மிஞ்சியிருக்கவே வாயு மட்டும் சீறக் கண்டேன்.

இன்னொன்று, தொடர்ந்து அடிக்கும்போது பேணிக்குள் இருக்கும் திரவ வாயு ஆவியாகிப் பேணி குளிர்கிறது. குளிரக் குளிர உள்ளழுத்தம் குறைகிறது. பேணியைக் கையில் பிடித்திருந்தால் அந்தக் குளிர் உள்ளங்கையில் தெரியும், நாமும் நிறுத்துவோம். கைபிடியில் அது தெரிவதில்லை. களைப்பும் இல்லாததால் கை அடித்துக்கொண்டே போகிறது. நான் ஒவ்வொரு குழாய் முடிந்ததும் இடது கையால் பேணியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் சற்று நேரம் குலுக்கிவிட்டுத் தொடர்ந்தேன். சூடாக்கலாம் என்று வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. 50 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் பேணி வெடிக்கக்கூடும்.

போர்க்கின் இரு கால்களுக்கு நடுவிலும் குழாய்கள் சந்திக்கும் மூலைகளிலும் இந்தக் கைபிடி உதவாது. அதன் பருமன் வழிமறிக்கிறது. நாலு விரலாலும் இழுக்கும் விசையில் சிறுசிறு தொடுகையாக அடிப்பதும் கடினம். அந்த இடங்களுக்குக் கைபிடியைக் கழற்றிவிட்டு விரலால்தான் அடித்தேன். கேற், ஜன்னல் கம்பி, இரும்புக் கதிரை, மட்காட் போன்ற நீண்ட வேலைகளுக்கு, குறிப்பாக விரல் மூட்டில் நோவுள்ளவர்களுக்கு, தயங்காமல் சிபாரிசு செய்வேன். முகக்கவசத்துக்கு இது ஈடாகாது. பெயின்ற் புகை முன்னைப் போலவே முகத்துக்கு வருகிறது.

ஆறு பேணிகள் அடித்து முடிந்த நிலையில் வளையத்தின் பிடி தளரவில்லை. நாக்கில் மட்டும் குமிழ் படும் இடத்தில் காய்ந்த கறுப்புப் பெயின்ற் படிந்து சிறிது மேடாகிவிட்டது. அதைத் தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தேன். தின்னர் பட்டுக் கைபிடியின் பிளாஸ்ரிக் மங்கி ஒட்டத் தொடங்கியதால், இப்போது ஒவ்வொரு பேணி முடிந்ததும் ஈரமாக இருக்கும்போதே பழந்துணியால் துடைத்து வைக்கிறேன்.