அப்பாவும் முதிரை மரமும்: தம்புள்ளை பொப்பம் மரத்தோட்டம்

திருகோணமலையில் எங்கள் அப்பாவுக்குத் தச்சுப் பட்டறை இருந்தது. முதிரை, பாலை, கருங்காலி எல்லாம் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும், ஆனால் பலகையாகவும் சீவல் தூளாகவும்தான். முதிரை மரம் எப்படி நிற்கும் என்று கேட்டால் போன ஆடி வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கந்தளாய், ஹபரணை தாண்டி தம்புள்ளைக்குப் பஸ், அங்கிருந்து கண்டலம வீதியில் பொப்பம் மரத்தோட்டத்துக்கு ஓட்டோ. பாதைகள் சமதரை என்பதால் முழங்கால் வலியுள்ள அப்பாவும் மெதுவாக நடந்துவிட்டார்.

சாம் பொப்பம் பிரித்தானியத் தேயிலைத் தோட்டக்காரர். 1963இல் அவர் இங்கே தொடங்கியபோது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கையால் காடு அழிந்து முட்பற்றைதான் மிஞ்சியிருந்தது. முதலில் கன்றுகளை நட்டிருக்கிறார், சரிவரவில்லை. பற்றைக்குள் தானாகவே முளைத்திருந்த மரக்கன்றுகளைக் கண்டதும் நடுவதை விட்டுவிட்டு, முள்ளை மட்டும் வெட்டி அவற்றுக்கு வெளிச்சமும் இடமும் கொடுத்தார். காடு தானே எழும்பியது. இப்போது தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் பராமரிக்கிறது. "நடாமலா? நடாமலா?" என்று வழிகாட்டியிடம் அப்பா மூன்று தடவை கேட்டார்.

முதிரையின் பட்டை வெளிறி, ஆழமாக வெடித்திருக்கும். அப்பா இரண்டு கையாலும் அடிமரத்தைக் கட்டிப் பார்த்தார். "கதவு நிலைக்குக் கூடக் காணாது, பிள்ளை. இதுக்கே இத்தனை வருஷமா?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அவர் கையால் எத்தனை நிலை, எத்தனை அலுமாரி போயிருக்கும் என்று நானும் எண்ணிக்கொண்டு நடந்தேன். பாலை மரத்தடியில்தான் வாய் திறந்தார்: சின்ன வயதில் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட கதை.

இருட்டியதும் தேவாங்கு பார்க்கும் நடைக்குப் போனோம். சிவப்பு வெளிச்சத்தில் கிளைக்குள் இரண்டு கண்கள் தணல் போல. கை நீட்டி, அடுத்த கொப்பைப் பிடித்து, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. பகலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இந்த நடைக்கு முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, தண்ணீர் அவசியம். பகல் நடைக்கு வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முன்கதவு நிலையைத் தடவி, "இது கந்தளாய்க் காட்டு முதிரை" என்றார்.