கேமிங் மடிக்கணினிக்கு 2560×1600 திரை: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

என் மடிக்கணினியின் இரண்டு விசிறிகளையும் பழுதுபார்க்கும் கடையில் மாற்றிக்கொண்டு வந்த அதே வாரத்தில், பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன், "மாமா, 1920×1200 எடுக்கவா, 2560×1600 எடுக்கவா?" என்று கேட்டான். அந்த எண்கள் திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல்களை, அதாவது படம் உருவாகும் நுண்புள்ளிகளைக் குறிப்பவை. அவன் பார்த்து வைத்திருக்கும் இரண்டு மடிக்கணினிகளும் 16 அங்குலம். இரண்டிலும் விளையாட்டின் காட்சிகளை வரையும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் சிப். விலையில் மட்டும் ஏறத்தாழ 300 வெள்ளி வித்தியாசம். நான் வைத்திருப்பதும் அதே சிப், அதே 2560×1600 திரை என்பதால், அவனுக்குத் தொலைபேசியில் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் திரையின் அருமையைச் சொல்லிவிட வேண்டும். பகலில் நான் தமிழ்ப் பிரதிகளைத் திருத்தும் வேலை பார்க்கிறேன். முன்பு வைத்திருந்த 15.6 அங்குல 1080பி (1920×1080) திரையில் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல்கள், இதில் 189. ஆங்கில எழுத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. தமிழில் உடனே தெரிகிறது. சிறிய எழுத்தளவில் 'ண'வின் சுழிகள் பழைய திரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 'ம்', 'ன்' ஆகியவற்றின் புள்ளி எழுத்தின் தலையில் சாம்பல் நிறக் கறையாகப் படிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு சுழியும் தனியே நிற்கிறது, புள்ளி புள்ளியாகவே இருக்கிறது. விடுபட்ட ஒற்றைக் கண்டுபிடிக்கப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இப்போது அநேகமாக இல்லை. விளையாடுவதற்காக வாங்கிய திரை வேலைக்கு இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரவில் விளையாட உட்கார்ந்தால் கதை வேறு. 1920×1200 திரையில் 2.3 மில்லியன் பிக்சல்கள், 2560×1600 திரையில் 4.1 மில்லியன். ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப்படத்திலும், சிப் ஏறத்தாழ 1.8 மடங்கு பிக்சல்களை வரைந்தாக வேண்டும். கனமான விளையாட்டுகளில் சிப் திணறும்போது, விளையாட்டின் அமைப்பில் 1920×1200 என்று குறைத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொல்வார்கள். அங்கேதான் எனக்கு இன்றுவரை தீராத எரிச்சல் இருக்கிறது. விளையாட்டின் மூன்று பிக்சல்களைத் திரையின் நான்கு பிக்சல்களில் பரப்ப வேண்டியிருப்பதால் எதுவும் நேராகப் பொருந்துவதில்லை. விளிம்புகள் கலங்குகின்றன, மூலையில் இருக்கும் தோட்டா எண்ணிக்கையும் வரைபடத்தின் எழுத்தும் மங்கிவிடுகின்றன. அதே 1920×1200 காட்சி, அதற்கென்றே செய்த திரையில் இதைவிடத் துல்லியமாக இருக்கும். பிசிறில்லாமல் பொருந்துவது சரிபாதியான 1280×800 மட்டுமே. அது 16 அங்குலத்தில் பார்க்கச் சகிக்காது.

நியாயமாகச் சொன்னால், சிறிதாக வரைந்த படத்தைக் கணித்துப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதி உள்ள விளையாட்டுகளில் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதன் 'குவாலிட்டி' நிலையில் சிப் ஏறத்தாழ 1707×1067 அளவில் மட்டும் வரைந்து, மீதியை 2560×1600க்குக் கணித்து நிரப்புகிறது. எழுத்துகளும் குறியீடுகளும் பொதுவாகத் திரையின் முழு அளவிலேயே வரையப்படுவதால் அவை மங்குவதில்லை. சைபர்பங்க் 2077 விளையாட்டை நான் இப்படித்தான் ஆடுகிறேன். படத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நான் விரும்பி ஆடுபவற்றில் பல, அந்த வசதி இல்லாத பழைய விளையாட்டுகள்.

விசிறியின் இரைச்சலும் இதனோடு சேர்ந்ததுதான். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால் எந்தத் திரையானாலும் சிப் முழு வேகத்தில் ஓடும் என்பது உண்மையே. விநாடிக்கு 60 ஃப்ரேமில் நிறுத்தினால்தான் வித்தியாசம் புரியும்: குறைந்த பிக்சல்களில் சிப்புக்கு வேலை குறைந்து விசிறி அடங்குகிறது, 2560×1600இல் அதே விளையாட்டுக்கு அது ஓயாமல் இரைகிறது. எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் நான் விளையாடும் அறையில் ஏர்கான் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் புழுக்கம் குறையாத ஊரில், சுற்றியுள்ள காற்றே சூடாக இருக்கும்போது விசிறிகள் என்னதான் செய்யும்? அடுத்த அறையில் அம்மா உறங்க வேண்டும். சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் படம் கலங்குவதை நான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது ஒவ்வோர் இரவும் என்னைச் சலிப்படைய வைக்கிறது.

இந்த அளவில் 4கே (ஏறத்தாழ 3840 பிக்சல் அகலமுள்ள) திரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்தச் சிப்பால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

ஆகவே அக்கா மகனிடம் 1920×1200 எடுக்கச் சொல்லிவிட்டேன். அவன் பெரும்பாலும் ஆடுவது, சிப்புக்கு அதிக வேலை வைக்காத வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சூட்டு விளையாட்டு. அவன் அறையிலும் ஏர்கான் இல்லை. உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றான். தர மாட்டேன் என்றேன்.

அவனிடம் வலியுறுத்திச் சொன்ன இன்னொன்றும் உண்டு. விலை குறைந்த 1920×1200 மடிக்கணினிகள் பலவற்றில் நிறம் வெளிறிய பேனலையே பொருத்துகிறார்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு விவரப் பட்டியலில் 'என்டிஎஸ்சி 45 விழுக்காடு' என்று இருந்தால் அதைத் தொட வேண்டாம். 'எஸ்ஆர்ஜிபி 100 விழுக்காடு' என்று இருக்க வேண்டும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் அடர்சிவப்புப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். சிவப்பு செங்கல் நிறத்தில் தெரிந்தால், அந்த 300 வெள்ளி மிச்சமானாலும் அதை வாங்காமல் வந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.