தட்டணு மட்டும் தடித்த எழுத்தில்: சத்துவாச்சாரி பரிசோதனை நிலையம் ஒன்றைப் பற்றி

கடந்த ஐப்பசியில் என் மகனுக்கு டெங்கு உறுதியானபோது, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டருகே உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நான்கு நாட்கள் தொடர்ந்து போய்வந்தோம். காலை ஏழு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ரத்தம் எடுக்கும் பெண், ஊசிக்கு அலறும் பையனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுகிறார். பதினோரு மணிக்குள் முடிவு கைபேசிக்கு வந்துவிடுகிறது.

குறை அறிக்கையின் அமைப்பில்தான் இருக்கிறது. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று காட்டும் பிசிவி அளவை மற்ற வரிகளோடு வரியாக விட்டுவிடுகிறார்கள். டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும்போது ரத்தம் கெட்டிப்பட்டு பிசிவி ஏறுகிறது. அவரவருடைய வழக்கமான அளவைவிட அது 20 விழுக்காடு கூடினால் கசிவு கடுமையாகிவிட்டது என்று கொள்கிறார்கள். தட்டணு வேகமாகச் சரிய பிசிவி உடன் ஏறுவதே எச்சரிக்கை அறிகுறி. அதுவும் காய்ச்சல் விட்டுவிட்டதென்று வீட்டார் மூச்சுவிடுகிற நாட்களில்தான் பெரும்பாலும் நேர்கிறது.

முதல் நாள் தட்டணு 1,42,000, பிசிவி 36. மூன்றாம் நாள் உடம்பு தொட்டால் குளிர்ந்திருந்தது. தட்டணு 58,000, பிசிவி 42. நாங்கள் 58,000 என்ற எண்ணையே வெறித்துக்கொண்டு பப்பாளி இலைக்கு ஆள் அனுப்பியிருந்தோம். மருத்துவரோ அதைத் தாண்டி 42-இன் கீழ் பேனாவால் கோடிட்டு, அன்றே சேர்த்து குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். ரத்தப்போக்கு இல்லாததால் தட்டணு ஏற்றவே இல்லை.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். தட்டணுக்கள் ஒட்டிக் குவிந்திருந்தால் இயந்திரம் குறைத்துக் காட்டிவிடும் என்பதால், 58,000 வந்த அன்று நாங்கள் கேட்காமலேயே கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியிலும் பார்த்து உறுதிசெய்தார்கள். ஆனால் 'காய்ச்சல் பேக்கேஜ்' என்று டி-டைமர், ஃபெரிட்டின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து விற்பது உறுத்துகிறது. கொரோனா காலத்தில் நோயின் தீவிரத்தைக் கணிக்கப் பெரிதும் பார்க்கப்பட்டவை அவை. எங்கள் மருத்துவர் அவற்றைக் கேட்கவே இல்லை.

முந்தைய நாட்களின் அளவுகளையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட முடியுமா என்று கேட்டேன். கணினியில் அந்த வசதி இல்லை என்றார்கள். அடுத்த காய்ச்சலுக்கும் அங்கேதான் போவேன், பழைய அறிக்கைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு.