குடல் தொற்றிலிருந்து மீண்ட குழந்தைக்கு எந்த ஆன்டிபயாடிக்?

பல் வீக்கத்துக்காகச் சென்ற ஆண்டு என் மகளுக்குக் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி அவளுடைய பெருங்குடலைத் தாக்கியது. ஒரே இரவில் ஒன்பது முறை நீராகப் போனதைத் துணி மாற்றி மாற்றி எண்ணியிருக்கிறேன். இப்போது அவளுக்கு 5 வயது. போன வாரம் அவள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, வலியைக் காட்டிலும் அதற்கு எழுதித் தரப்போகும் மருந்தை நினைத்தே எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கும்வரை இந்தக் கிருமியால் தலையெடுக்க முடியாது; அவற்றை ஆன்டிபயாடிக் அழித்துவிட்டால், விதை போன்ற வித்துகளாக ஒளிந்திருப்பது முளைத்து நச்சைச் சுரக்கிறது. முதல் முறை குணமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. ஆகவே கேட்க வேண்டியது, ‘எது வீரியமான மருந்து?’ என்பதல்ல, நோயை உண்டாக்கிய கிருமியைக் கொன்றுவிட்டு, மற்றவற்றை அதிகம் தொடாமல் விடுவது எது என்பதே.

முதலில் எடைபோட வேண்டியது மருந்தே கொடுக்காமல் காத்திருப்பது. காதில் தொற்று வந்த, 2 வயதைத் தாண்டிய குழந்தைக்குக் காய்ச்சல் 102.2 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்து, வலி லேசாகவும் காதில் சீழ் வடியாமலும் இருந்தால், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, மருத்துவரின் கண்காணிப்பில் 48 முதல் 72 மணி நேரம் பொறுத்திருக்கலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும்கூட. எங்கள் நிலையில் இதைவிட நல்ல வழி வேறில்லை.

மருந்து தேவைப்பட்டால், பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் தனியாகவா, கிளாவுலனேட் என்ற துணைமருந்து சேர்ந்ததா என்பதுதான் உண்மையான போட்டி. கிளாவுலனேட் சேரும்போது மருந்தின் வீச்சு அகலமாகி, குடலில் காற்றில்லாமல் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் கூடுதலாக அடிபடுகின்றன. அதோடு, கிளாவுலனேட்டே பேதியைத் தூண்டும் என்பதால், இது மருந்தால் வந்த பேதியா, பழைய நோய் திரும்பியதா என்று பெற்றோர் தவித்துப் போவார்கள். கடந்த 30 நாட்களில் அமாக்சிசிலின் கொடுத்திருந்தாலோ, காதோடு கண்ணிலும் சீழ் கட்டியிருந்தாலோ, தனி மருந்துக்கு நோய் அடங்காவிட்டாலோ கூட்டு மருந்து தேவைதான். அப்போது குடலுக்குப் பயந்து அதை மறுப்பது தவறு.

செஃபிக்சைம் சிரப் இங்கே சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. ஆனால் அது சேர்ந்த மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள், கிளிண்டாமைசினையும் சிப்ரோஃப்ளாக்சசின் வகையையும் போலவே, இந்தக் குடல் நோயை அதிகம் வரவழைப்பவை. போதாக்குறைக்கு, காதுத் தொற்றுக்கு முக்கியக் காரணமான நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிடம் செஃபிக்சைம் வலுவற்றது. அசித்ரோமைசினால் குடலுக்கு ஆபத்து ஒப்பளவில் குறைவு என்றாலும், அதற்கு அடங்காத நிமோகாக்கஸ் நிறைய இருப்பதால், பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு அதைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை.

நோய் சிறுநீர்ப்பையில் என்றால் கணக்கே மாறும். நைட்ரோஃபியூரன்டாயின் என்ற மருந்து உடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்ச் சேர்வதால் பெருங்குடலை அதிகம் தொடுவதில்லை. ஆனால் சிறுநீரகம்வரை பரவிக் காய்ச்சல் வந்துவிட்டால் அது உதவாது.

என் மகளுக்கு இரண்டாம் இரவே காய்ச்சல் 103ஐத் தொட்டது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மேசைமேல் விரித்து வைத்துப் பேசியபின், மருத்துவர் தனி அமாக்சிசிலினை 7 நாளுக்கு எழுதினார். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ உடனே அழைக்க வேண்டும், பேதியை நிறுத்தும் மாத்திரை கூடாது, அறிகுறி இல்லாமல் மலப் பரிசோதனையும் வேண்டாம் என்றார்; குணமான பிறகும் பல வாரங்களுக்கு அது பாசிட்டிவ் காட்டக்கூடும். சானிடைசருக்கு அந்த வித்துகள் சாவதில்லை என்பதால், கழிப்பறைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். ஏழு நாளும் ஒரு தாளில் எண்ணிக் குறித்து வைத்தேன். ஒரு நாள்கூட இரண்டைத் தாண்டவில்லை.