சுகிஹாராவின் விசாவும் வாலன்பர்க்கின் பாஸும்

1940இல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் தூதரக அதிகாரி சியூனே சுகிஹாரா, டோக்கியோவின் நிபந்தனைகளை மீறி யூத அகதிகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட விசாக்களைக் கையாலேயே எழுதினார். கிளம்பும் ரயிலின் ஜன்னல் வழியாகக்கூட நீட்டினாராம். அதை வைத்துச் சைபீரியா வழியே ஜப்பானுக்குத் தப்பலாம்.

ஸ்வீடன் தூதரக அதிகாரி ரவுல் வாலன்பர்க்குக்கு அந்த அவகாசமே இல்லை. 1944 ஜூலையில் அவர் புடாபெஸ்ட் வந்தபோது, ஹங்கேரியில் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் ஏற்கெனவே நாஜி வதைமுகாம்களுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். அவர் கொடுத்த நீல-மஞ்சள் பாஸ், அதாவது ஸ்வீடனின் பாதுகாப்புச் சீட்டு, மிச்சமிருந்தவர்களை அங்கேயே வைத்துக் காக்க. மூன்று கிரீடச் சின்னம், முத்திரை, கையெழுத்து என்று பார்க்க மிடுக்கு. சட்டப்படி செல்லுமா என்பது சந்தேகம்தான்!

ஸ்வீடன் அரசு வாலன்பர்க் பின்னால் நின்றது; சுகிஹாராவுக்கு அதுவும் இல்லை. தனியாளாக மீறியதில் என் ஓட்டு அவருக்கே. ஆனால் கொடுத்த விலை வாலன்பர்க்குடையதுதான் பெரிது: 1945 ஜனவரியில் சோவியத் படை பிடித்துப்போனது, திரும்பவேயில்லை.