ஃப்ரிடிட்ஸ்பாங்கன்: பனிச்சறுக்குக் கட்டையைக் கடனாகத் தரும் இடம்

ஒரு செமஸ்டர் படிக்க சுவீடன் போனவனிடம் பனிச்சறுக்குக் கட்டை வாங்கப் பணம் ஏது? ஃப்ரிடிட்ஸ்பாங்கனில் 14 நாட்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். 2013இல் வார்ம்லாண்ட் பகுதியில் தொடங்கிய ஏற்பாடு. பெரும்பாலும் மக்கள் கொடுத்த பழைய சாமான்கள். எனக்குக் கிடைத்த காலணிக்குள் யாருடைய பெயரோ பேனாவில் எழுதி, பாதி அழிந்திருந்தது. கால் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது.

மார்ச் மாதக் காலையில் பனியின் மேற்பரப்பு அப்பளம்போல் மொறுமொறுவென்று இறுகியிருக்கும். அப்போதே கிளம்பிவிட வேண்டும். நான் தூங்கி எழுந்து மதியம் போனேன். வெயிலில் இளகிய பனி, முழங்கால்வரை உள்ளே இழுத்துக்கொண்டது. சொட்டச் சொட்டத் திருப்பிக் கொடுத்தேன். முகம் சுளிக்கவில்லை, துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "அடுத்து ஸ்கேட் வேண்டுமா?" என்றார்கள்.